'லேசான அல்சர்தான்' என்று என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்

போன வாரமும் ஒரு மகன், அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என் அறைக்குள் ஓடி வந்தார். "டாக்டர், அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க." பெரியவர் உள்ளே வந்தபோது அவர் கையிலிருந்த பைலைப் பார்த்தேன். 'புற்றுநோய்ப் பிரிவு' என்ற எழுத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அதன் ஒரு மூலை நகத்தால் கிளறப்பட்டிருந்தது.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1952-இல் எடுத்த 'இகிரு' படம் தொடங்குவதே ஒரு வயிற்று எக்ஸ்ரேயில்தான். நகராட்சி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் காகிதங்களுக்கு முத்திரை குத்தியே ஓய்ந்துபோன வாத்தனாபே, மருத்துவமனையில் காத்திருக்கிறார். பக்கத்து நோயாளி ஒருவர் வலிய வந்து சொல்கிறார்: லேசான அல்சர், ஆபரேஷன் தேவையில்லை, பிடித்ததைச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னால் அது வயிற்றுப் புற்றுநோய், ஒரு வருஷம்கூடத் தாங்காது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் அதையேதான் சொல்கிறார். வாத்தனாபேயின் கோட்டு நழுவிக் கீழே விழுகிறது. உண்மையைச் சொல்லும்படி அவர் கெஞ்சியும் டாக்டர் மழுப்புகிறார். நோயாளியிடம் மறைப்பதுதான் அன்றைய ஜப்பானிய வழக்கம். வாத்தனாபேயாக நடித்த ஷிமுரா தகாஷியின் அந்தக் கண்களை நான் தினமும் பார்க்கிறேன்.

படத்தைப் புகழ்பவர்கள் வாத்தனாபே தன் கடைசி மாதங்களில் கட்டிய பூங்காவையும், பனியில் ஆடும் ஊஞ்சலையும் பேசுவார்கள். நியாயம்தான். ஆனால் அதற்கு முன்னால் அவர் எவ்வளவு தனியாகத் தவித்தார்! மகனிடம் சொல்ல வாய் திறக்கிறார். மகனோ, அப்பா ஓர் இளம்பெண்ணிடம் பணத்தை வாரி இறைக்கிறார் என்று நினைத்துச் சீறுகிறான். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அவர் இறந்த பிறகு, மாடிப்படி அடியில் அவர் தனக்காக வைத்திருந்த வங்கிப் புத்தகத்தையும், கையெழுத்துக்குப் பதிலான முத்திரையையும் கண்டெடுத்த மகன், அப்பா ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கலங்குகிறான். டாக்டர் மறைத்ததில் தொடங்கியது இது.

"சொன்னா அப்பா உடைஞ்சு போயிடுவார்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உடல் இளைப்பது அவருக்குத் தெரியாதா? ஊரிலிருந்து சித்தப்பா திடீரென்று ஏன் வந்தார், நீங்கள் ஏன் சமையலறையில் நின்று அழுகிறீர்கள் என்று புரியாதா? கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் பேசமாட்டாரா? அழாமல் இருப்பவரெல்லாம் அறியாதவர் இல்லை. அறிந்ததைச் சொல்ல ஆளில்லாதவர். நீங்கள் மறைப்பதால் அவருடைய பயம் போவதில்லை, பேச்சுத்துணைதான் போகிறது.

தயவுசெய்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எனக்குச் சைகை காட்டாதீர்கள். பைலைப் பிடுங்கி ஒளிக்காதீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரையே கேட்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம், அது அவர் உரிமை. வேண்டும் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வோம். நான் கூடவே இருப்பேன். கையெழுத்துப் போட வேண்டியது, பார்க்க வேண்டிய அக்கா, போக நினைத்த கோயில் எல்லாம் உடம்பில் தெம்பு இருக்கும்போதே நடக்க வேண்டாமா?

மகன் பில் கட்டப் போன நேரத்தில் பெரியவர் என் பக்கம் குனிந்தார். "எத்தனை மாசம்மா? பையனுக்குத் தெரிய வேணாம், தாங்கமாட்டான்." மகன் ரசீதோடு திரும்பி வந்ததும் கதவைச் சாத்தி, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, பிறகு பேசினேன். இருவரும் ரொம்ப நேரம் அழுதார்கள். அப்புறம் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாஸ்புக் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மகனுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.