தேர்தலில் தோற்றாலும் பிரபு ஆகலாம்: பிரிட்டனின் கலைப்புப் பட்டியல்

2015 மே மாதம் நடந்த பிரிட்டன் பொதுத் தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சி ஜெயித்தது வெறும் 8 இடங்களில். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான பட்டியலில் அந்தக் கட்சிக்காரர்கள் 11 பேருக்குப் பிரபு பட்டம், அதாவது தேர்தல் இல்லாமலே நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையில் இடம். மக்கள் அனுப்பியவர்களைவிடத் தலைவர் அனுப்பியவர்கள் அதிகம்! இத்தனைக்கும், பிரபுக்கள் சபைக்கும் தேர்தல் வைக்க வேண்டும் என்று பேசிவந்த கட்சி அது.

இதற்குக் கலைப்பு கௌரவப் பட்டியல் என்று பெயர். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதை ஒட்டி, விலகும் எம்.பி.க்களுக்கும் தோற்றவர்களுக்கும் பட்டம் கொடுப்பது வழக்கம். 2024 பட்டியலில் பிரபு பட்டம் பெற்றவர்களில் ஒருவர், அந்தத் தேர்தலில் நிற்காமல் ஒதுங்கிக்கொண்ட முன்னாள் பிரதமர் தெரசா மே.

இந்தப் பட்டியலில் நைட் பட்டமும் உண்டு. ஆனால் நைட் பட்டமும் பிரபு பட்டமும் ஒன்றல்ல. நைட் பட்டம் பெயருக்கு முன்னால் ஒட்டும் 'சர்' மட்டும்தான், பெண்களுக்கு 'டேம்'. மண்டியிட்டவரின் இரு தோள்களிலும் வாளால் தொடுவார்கள், அதோடு சரி. பதவி இல்லை, சம்பளம் இல்லை. 2015-ல் ட்விக்கன்ஹாம் தொகுதியை இழந்த லிபரல் டெமாக்ரட் தலைவர்களில் ஒருவரான வின்ஸ் கேபிள் அந்த ஆண்டே 'சர்' ஆனார். 2017-ல் அதே தொகுதியில் நின்று ஜெயித்து மக்கள் சபைக்குத் திரும்பினார். (அவரை 'சர் வின்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும், 'சர் கேபிள்' என்றால் தப்பு. நம் சர் பிட்டி தியாகராயருக்கு முன்னால் நிற்பதும் இதே 'சர்'தான். சுதந்திர இந்தியாவில் அரசியலமைப்பின் 18-வது பிரிவு இதற்கெல்லாம் தடை போட்டுவிட்டது.)

பிரபு பட்டம் அப்படி இல்லை. அது சட்டம் இயற்றும் நாற்காலி. 1958 சட்டப்படி ஆயுளுக்கும் செல்லும், பிள்ளைகளுக்குப் போகாது. சம்பளம் கிடையாது, ஆனால் சபைக்கு வரும் நாளுக்குப் படி உண்டு: 2024 கணக்கில் 361 பவுன், வரியில்லாமல். லிபரல் டெமாக்ரட் எம்.பி. லின் ஃபெதர்ஸ்டோனை 2015 மே மாதம் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் அவர் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருந்தார்.

சரி, தேர்ந்தெடுப்பது யார்? கட்சித் தலைவர்கள் பெயர் கொடுப்பார்கள், எந்தக் கட்சிக்கு எத்தனை என்பது பிரதமர் கையில், மன்னர் ஒப்புதல் சம்பிரதாயம். முதல் உலகப்போரை ஒட்டிப் பிரதமராக இருந்த லாயிட் ஜார்ஜ் காலத்தில் பட்டங்கள் காசுக்கு விலைபோனதால், அதைக் குற்றமாக்கி 1925-ல் தனிச் சட்டமே வந்தது. 2000 முதல் ஒரு நியமன ஆணையம் பிரபு பட்டத்துக்கு வரும் பெயர்களை அலசுகிறது. அதற்கும் பல் இல்லை: பீட்டர் க்ரடஸ் என்ற கட்சி நன்கொடையாளருக்குப் பட்டம் வேண்டாம் என்று ஆணையம் சொல்லியும், 2020-ல் பிரதமர் போரிஸ் ஜான்சன் அவரைப் பிரபு ஆக்கினார்.

இருக்கை வேண்டாம் என்றால் 2014 சட்டப்படி பிரபுக்கள் ஓய்வு பெறலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் கூட்டத்தொடர் முழுக்க, விடுப்பும் வாங்காமல் ஒரு நாள்கூடத் தலைகாட்டாதவரின் இருக்கை தானாகப் போய்விடும். 'லார்ட்' என்ற அடைமொழி மட்டும் போகாது.