ஐந்து நட்சத்திர ஏசி வாங்கி ஏமாந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஏசி, ஃப்ரிட்ஜ், மின்விசிறி ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளைக் கம்பெனியின் விளம்பரத் தாளாகவே பலர் நினைக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி அது கட்டாயம். எவ்வளவு மின்சாரத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று அளவு வகுப்பது தில்லியில் உள்ள எரிசக்தி திறன் பணியகம். அந்த அளவை மாநிலத்துக்குள் அமல்படுத்த வேண்டியது மாநில அரசு. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மின் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. தலைமை மின் ஆய்வாளர் அலுவலகம் சென்னை கிண்டியில். பின்னணி இவ்வளவு போதும்.

மனு எழுத உட்காரும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சட்டம் பொய் லேபிளோடு விற்றவரைத் தண்டிக்கும். வாங்கியவருக்குப் பணம் வாங்கித் தராது. பிரிவு 26-இன் கீழ் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதில் ஒரு ரூபாய்கூட உங்கள் கைக்கு வராது. பணத்தைத் திரும்பப் பெறப் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். இரண்டும் தனித்தனிக் கதவுகள். இது தெரியாமல் அரசு அலுவலகங்களுக்கு மனு போட்டு, பதிலுக்குக் காத்திருந்து, நுகர்வோர் வழக்குக்கான இரண்டாண்டுக் கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அலைச்சல் பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடக்கிறது. கரண்ட் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ஆட்கள் முதலில் மின் வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போகிறார்கள். "மீட்டர் சரியாக ஓடுகிறது, எங்கள் வேலை முடிந்தது" என்கிறார்கள் அங்கே. அவர்கள் சொல்வது சரிதான். மின் வாரியம் வேறு, மின் ஆய்வுத் துறை வேறு. அடுத்து திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். மனுவில் "மின்சாரம்" என்ற சொல்லைப் பார்த்ததும் அது மறுபடியும் மின் வாரியத்துக்கே போகிறது. மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமக்கு வந்த பதிலைக் கொண்டுவந்து காட்டினார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்த அந்தத் தாளில், நீண்ட பார்வை எண்ணுக்குக் கீழே இருந்தது ஒரே வரி: "தங்கள் மனுவின் பொருள் இவ்வலுவலகத்துக்குத் தொடர்புடையதல்ல." எந்த அலுவலகத்துக்குத் தொடர்புடையது என்று எழுத இன்னொரு வரி ஆகியிருக்கும். அந்த ஒரு வரியை எழுத யாருக்கும் மனம் வரவில்லை.

ஆகவே மனுவின் தலைப்பிலேயே "மின் ஆய்வுத் துறை நடவடிக்கைக்காக; எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001, பிரிவு 17" என்று எழுதிவிடுங்கள். கடைக்குள் நுழைந்து சோதிக்க ஆய்வு அதிகாரிகளை நியமிக்க, மாநிலத்தில் பொறுப்பு ஏற்ற அந்தத் துறைக்கு இடம் தருவது அந்தப் பிரிவுதான். மதுரைக்காரர் என்றால் மதுரையில் உள்ள மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி, கிண்டிக்கு ஒரு பிரதி, இரண்டும் ஸ்பீட் போஸ்டில். நேரில் கொடுத்தால் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். "இதெல்லாம் தில்லி வேலை" என்று சொன்னால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் தர யாரும் முன்வருவதில்லை.

இனி பணம் தரக்கூடிய கதவு. இங்கேதான் பொறிகள் அதிகம்.

முதல் பொறி பில். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக் கூட்டத்திலும் "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஜிஎஸ்டி பில் கொடுத்தாலும் அதில் "1.5 டன் 5 ஸ்டார் ஏசி" என்று மட்டும் இருக்கும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு, உங்கள் சுவரில் தொங்குவது அந்தக் கடையில் வாங்கியதுதான் என்று நிரூபிக்க முடியாது. இரண்டு எண்களையும் எழுதித் தரும்வரை கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

இரண்டாவது, லேபிளின் காலம். நட்சத்திரத்துக்கான அளவை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். 2022 ஜூலைக்கு முன்பு ஸ்ப்ளிட் ஏசியின் திறன் எண் (லேபிளில் ISEER என்று இருக்கும்) 4.50 இருந்தாலே ஐந்து நட்சத்திரம், அதன்பிறகு 5.00 தேவைப்பட்டது. 5.00-ஐ எட்டாத பழைய ஐந்து நட்சத்திரப் பெட்டி ஒரே இரவில் நான்கு நட்சத்திரமாகிவிட்டது. லேபிள் மட்டும் அப்படியே இருந்தது. 2026 ஜனவரியில் அளவு மறுபடியும் ஏறியிருக்கிறது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று லேபிளிலேயே அச்சடித்திருப்பார்கள். கடையில் அந்த இடத்தின்மேல்தான் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்துப் பாருங்கள். பழைய இருப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி விலை குறைத்து விற்றிருந்தால் உங்கள் புகாரில் வலு இல்லை. மறைத்து விற்றிருந்தால் உண்டு. ஆகவே கடையில் நிற்கும்போதே லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி மாட்ட வருகிறவர் லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பணியகத்தின் ஸ்டார் லேபிள் செயலியில் மாடல் எண்ணைத் தேடி, எத்தனை நட்சத்திரம் என்று அங்கேயே சரிபார்க்கலாம்.

மூன்றாவது, தவறான புகார். "லேபிளில் போட்டதைவிட அதிக யூனிட் ஓடுகிறது" என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்காது. ஏசி லேபிளில் உள்ள யூனிட், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போட்டது. பங்குனியில் தொடங்கி ஆவணி வரை இரவு முழுவதும் ஏசி ஓடும் மதுரை வீட்டில் அந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? லேபிள் போலி, மாடல் வேறு, காலம் மறைக்கப்பட்டது என்று ஆவணத்தில் காட்டக்கூடியதைப் பிடியுங்கள்.

மின்விசிறியை யாரும் பொருட்படுத்துவதில்லை. 2023 ஜனவரி முதல் அதற்கும் நட்சத்திரம் கட்டாயம். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும். நல்ல ஐந்து நட்சத்திர விசிறி 30 வாட் அளவில் ஓடிவிடும். தினம் பதினைந்து மணி நேரம் என்றால், இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே சுமார் 40 யூனிட் வித்தியாசம். மூன்று விசிறி உள்ள வீட்டில் 120 யூனிட். யூனிட் ஏற ஏறக் கட்டணப் படியும் ஏறுகிற நம் பில்லில் அது சிறிய தொகை இல்லை. லேபிளே இல்லாத உள்ளூர்த் தயாரிப்பை மலிவு என்று தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

நான்காவது பொறியில் விழுவது சிறு கடைக்காரர்கள். மெஸ், டீக்கடை, தையல் கடை, மதுரை செல்லூரில் இரண்டு தறி போட்டிருப்பவர் என்று யாராக இருந்தாலும், "வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லும். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதைத் தூக்கிக் காட்டும். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். "சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கினேன்" என்ற வரி புகாரின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

புகாரில் கடையையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடுங்கள். ஒருவரை விட்டால், இருப்பவர் இல்லாதவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவுவார். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆன்லைனில் வாங்கி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ குடியிருந்தால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். "விற்றவர் ஊரில் போய்ப் போடுங்கள்" என்று யாராவது திருப்பி அனுப்பினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34-ஐக் காட்டுங்கள். 21 நாளுக்குள் ஏற்பதா இல்லையா என்று ஆணையம் முடிவு சொல்லாவிட்டால், புகார் ஏற்கப்பட்டதாகவே பொருள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். சில புகார்கள் அங்கேயே தீர்ந்தும் விடுகின்றன. ஆனால் கம்பெனி ஏதோ ஒரு பதில் எழுதியதும் "முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். அது தீர்ப்பு இல்லை. நீங்கள் உதவி எண்ணில் பேசிக்கொண்டிருக்கும் காலத்திலும் இரண்டாண்டுக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மின் ஆய்வுத் துறைக்குப் போட்ட மனுவுக்கு ஒரு மாதம் தாண்டியும் அசைவே இல்லை என்றால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: மதுரை மாவட்டத்துக்குப் பிரிவு 17-இன் கீழ் ஆய்வு அதிகாரி யார், சென்ற ஆண்டு எத்தனை கடைகளில் லேபிள் சோதனை நடந்தது, என் மனு யார் மேசையில் இருக்கிறது? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதிலின் நகலை நுகர்வோர் வழக்கில் ஆவணமாகச் சேர்த்துவிடலாம்.

வழக்கு எண் விழுந்ததும் கடையிலிருந்து ஆள் வருவார். ஒரு தொகையைக் கொடுத்து, "எனக்கு எந்தக் குறையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்பார். தொகை சம்மதம் என்றால் வங்கிக் கணக்கில் வரவு வந்த பிறகு, ஆணையத்தின் முன்னிலையில் கையெழுத்திடுங்கள்; வீட்டு வாசலில் வைத்து வேண்டாம்.