மோகல் ஸ்கீ வழுக்கினால் எட்ஜைத் தீட்டச் சொல்லாதீர்கள்

"எட்ஜ் பிடிக்கவே மாட்டேங்குது, இன்னும் கூராத் தீட்டிக் கொடுங்க." பனிமேடுகள் (மோகல்) நிறைந்த சரிவுக்கென்றே செய்த மோகல் ஸ்கீயோடு பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். விரல் நகத்தை எட்ஜின், அதாவது ஸ்கீயின் ஓரத்து உலோக விளிம்பின், குறுக்கே இழுத்தால் வெள்ளைத் தூளாகச் சீவி எடுக்கிறது. இதற்கு மேல் என்ன கூர்மை வேண்டும்? கோளாறு எட்ஜில் இல்லை, ஸ்கீயைக் கொண்டுபோன சரிவில் இருக்கிறது.

போட்டித் தளத்தில் மோகல் மேடுகளுக்கு இடையே சுமார் 3.5 மீட்டர்தான். சரிவு சராசரியாக 28 டிகிரி. அத்தனை குறுகிய இடத்தில் எந்த ஸ்கீயும் தானாக வளைந்து திரும்பாது, காலைத் திருகித்தான் திருப்ப வேண்டும். அதனால்தான் மோகல் ஸ்கீயின் இடுப்பு, அதாவது நடுப்பகுதியின் அகலம், 62 முதல் 66 மி.மீ. வரை ஒடுங்கி, பக்கவாட்டு வளைவு மிகக் குறைந்து, ஏறக்குறைய நேர்க்கோடாக இருக்கிறது. முனை அகன்றிருந்தால் அடுத்த மேட்டில் கொக்கி போல மாட்டும்.

"ஒடுக்கமான ஸ்கீ சட்டென்று திரும்பும், எல்லா இடத்துக்கும் ஆகும்" என்கிறார்கள். சட்டென்று திரும்புவது ஸ்கீ அல்ல, உங்கள் கால். சமன்செய்த சரிவில் ஸ்கீயைச் சாய்த்து எட்ஜில் நிறுத்தினால், வளையத்தின் அளவைப் பக்கவாட்டு வளைவுதான் தீர்மானிக்கும். குறுகிய திருப்பங்களுக்கான ஸ்லாலம் ஸ்கீக்கு அந்த வளைவின் ஆரம் 12, 13 மீட்டர். மோகல் ஸ்கீக்குப் பெரும்பாலும் 20 மீட்டரை ஒட்டியோ தாண்டியோ போகும். உடம்பு திருப்பத்தை எதிர்பார்த்து உள்பக்கம் சாய்ந்துவிடுகிறது, ஸ்கீயோ நேரே ஓடுகிறது. வேகம் கூடினால் மெத்தென்ற முனை படபடக்கும். இறுகிய ஐஸில் அந்த முனைதான் முதலில் விலகும். எவ்வளவு தீட்டினாலும் இது மாறாது.

தீட்டுவதால் கேடுதான். முனையிலும் வாலிலும், பனியைத் தொடத் தொடங்கும் இடத்திலிருந்து 10, 15 செ.மீ. வரை கம்மி ஸ்டோனால் (ரப்பர் போன்ற தேய்ப்புக் கட்டி) மழுக்கியே வைக்க வேண்டும். அங்கேயும் கூராக்கினால் பள்ளத்தின் சுவரில் கவ்வி, ஸ்கீ குறுக்கே நின்றுவிடும்.

ஆழமான புதுப்பனிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். முனை அமிழும். மிதக்கவைக்க எல்லாரும் பின்னால் உட்காருவார்கள். முழங்கால் ஜவ்வு கிழிவதற்கு வாகான நிலை அது. வசந்த காலத்தில் ஈரப்பனி மேடுகள் கிடைத்தால் அங்கே போங்கள், இந்த ஸ்கீயின் சொந்த இடம் அது.

கடைசியாக, பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங். மேட்டில் ஸ்கீ கழன்று வந்தது என்பதற்காக பைண்டிங் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்ற அளவைத் தாங்களே முறுக்கி ஏற்றிவிடுகிறார்கள். எடை, உயரம், வயது, திறன், பூட்ஸ் அடிநீளம் பார்த்து வைத்த எண் அது. முதலில் பூட்ஸ் அடியில் பனி ஒட்டியிருக்கிறதா, அடிப்பகுதி தேய்ந்திருக்கிறதா, பைண்டிங் பூட்ஸை முன்னோக்கித் தள்ளும் அழுத்தம் சரியா என்று பாருங்கள். காலெலும்பு முறியாமல் கழன்றுகொள்ளத்தான் பைண்டிங்கே இருக்கிறது. தயவுசெய்து அந்தத் திருகைத் தொடாதீர்கள், பூட்ஸையும் சேர்த்துப் பட்டறைக்கு எடுத்துவாருங்கள்.