பிரேக் ரெசினில் முந்திரி ஓடு: கிலோ கணக்கு ஏன் உதவாது?

பீனாலையும் பார்மலினையும் (பார்மால்டிஹைடு கரைந்த நீர்) சேர்த்துக் காய்ச்சினால் பீனாலிக் ரெசின் என்ற செயற்கைப் பிசின். பேக்லண்ட் 1907-இல் கண்டுபிடித்த பேக்லைட் இந்த வகைதான். நல்ல சூடு தாங்கும், அடி தாங்காது, நொறுங்கிவிடும். பிரேக் லைனிங்குக்கு, அதாவது பிரேக்கில் உராயும் பட்டைக்கு, அது ஆகாது. கொஞ்சம் வளைந்துகொடுக்க வைப்பது, பண்ருட்டிப் பக்கம் பருப்பை எடுத்தபின் குவிந்து கிடக்கும் முந்திரி ஓடு.

ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துபோகும், கையுறை கட்டாயம். அதில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். ஏறத்தாழ 180–200 டிகிரி செல்சியஸில் காய்ச்சினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கார்டனால் மிஞ்சும். அரைகுறையாகக் காய்ச்சிய எண்ணெய் பிறகு ரெசின் காய்ச்சும் கெட்டிலில் (கலன்) நுரைத்துப் பொங்கும். அடுத்து வெற்றிடத்தில் வடித்து, கூடவே வரும் கார்டால் என்ற இன்னொரு பீனால் வகைப் பொருளைக் குறைக்க வேண்டும். கார்டாலுக்கு வேகம் அதிகம், சரக்கைச் சீக்கிரம் கட்டியாக்கிவிடும்.

கார்டனால் என்பது 15 கார்பன் நீள வால் முளைத்த பீனால். இழுக்கும்போது நெகிழ்ந்துகொடுப்பது அந்த வால்தான். கணக்கைக் கெடுப்பதும் அதுவே: பீனாலின் மூலக்கூறு எடை 94, கார்டனாலுக்குச் சுமார் 300.

ரெசினில் பார்க்க வேண்டியது கிலோவை அல்ல, மோலை, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை. நோவோலாக் வகைக்கு (பார்மால்டிஹைடைக் குறைவாக இட்டு, பிறகு தனியாக இறுக்கும் ரெசின்) 1 மோல் பீனாலுக்கு 0.8 மோல் பார்மால்டிஹைடு என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ பீனாலுக்கு 37 சதவீத பார்மலின் சுமார் 69 கிலோ. இப்போது 20 கிலோ பீனாலை எடுத்துவிட்டு 20 கிலோ கார்டனால் போட்டால், கெட்டிலில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. பார்மலின் 59–60 கிலோ போதும். பழைய 69 கிலோவையே ஊற்றினால் விகிதம் 0.93-ஐத் தொடும், ரெசின் கெட்டிலிலேயே இறுகும் அபாயம் உண்டு. அப்புறம் உளியும் சுத்தியலும்தான்.

கார்டனால் வினைபுரிவதில் மந்தம் வேறு. பீனாலோடு ஒன்றாகப் போட்டால் பார்மால்டிஹைடைப் பீனாலே பிடித்துக்கொள்ளும். கார்டனால் சேராமல் எண்ணெயாகவே தங்கும், பிரேக் சூடேறும்போது மேலே கசியும். முதலில் கார்டனாலைப் பார்மலினில் ஒரு பகுதியோடு வினைபுரியவிட்டு, பிறகு பீனாலைச் சேர்ப்பது நல்லது. கார்டனாலை அதிகமாக்கினால் சூடு தாங்கும் திறன் இறங்கும்.

ரெசினை இறுக்க, சூட்டில் அம்மோனியா விடும் ஹெக்சமீன் என்ற பொருளைக் கலந்து 150–160 டிகிரி அச்சில் அழுத்தும்போதும் இந்த ரெசின் இறுக நேரம் பிடிக்கும். தொடக்கத்திலேயே அச்சை இரண்டு மூன்று முறை சற்றுத் திறந்து அம்மோனியாவை வெளியேற்றாவிட்டால், லைனிங் கொப்புளத்தோடு வெளிவரும்.