மூழ்கும் நூல் சிட்டம்

"ஏற்காட்டில் காபிச் செடிக்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) அடிக்கிறோம். துணி சோப்பைக் கரைத்து ஊற்றினால் போதாதா, மருந்தை இலையில் பரவி ஒட்டவைக்கும் ஒட்டுத் திரவம் எதற்கு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. கலவையிலுள்ள சுண்ணாம்பின் கால்சியம் சோப்பைப் பிடித்துப் பால் திரிந்ததுபோல் ஆக்கிவிடும்; நாசில் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் அயனியாக (மின்னூட்டமுள்ள துகளாக) பிரியாத நனைப்பான்களிடம், அதாவது நீரைப் பரப்பில் பரவி நனைக்கச் செய்யும் பொருள்களிடம், கால்சியத்தின் வேலை நடக்காது.

அப்படி ஒன்றைத் தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலத்திலிருந்து செய்யலாம். 200 கிராம் அமிலம், 61 கிராம் மோனோஎத்தனாலமைன், சுமார் 150 டிகிரி செல்சியஸ். 18 கிராம் அளவுக்கு நீர் வெளியேறினால், இரண்டும் இணைந்த அமைடு என்னும் சேர்மம் தயார். மேலே நைட்ரஜன் நிற்க வேண்டும். காற்று புகுந்தால் சரக்கு பழுப்பேறும். ஆறியதும் மெழுகாக உறையும் இது தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆகவே அழுத்தக் கலனில், கார வினையூக்கியுடன், எத்திலீன் ஆக்சைடு சேர்த்து நீர் விரும்பும் வாலை வளர்க்கிறார்கள். மூலக்கூறுக்கு 5 அலகு என்றால் 220 கிராம். இந்த வாயு வெடிக்கும், புற்றுநோயும் தரும். ஆலைக்கு வெளியே நினைக்கவே கூடாது.

நனைக்கும் திறனை அளப்பதுதான் அழகு. டிரேவ்ஸ் சோதனைக்குச் சேலத்துத் தறிக்காரர்களுக்குப் பழகிய பருத்திச் சிட்டமே கருவி. மெழுகு நீக்காத 5 கிராம் சிட்டத்தில் 3 கிராம் கொக்கியை மாட்டி, கொக்கியை நூலால் ஓர் எடையோடு இணைத்து, 500 மி.லி. நனைப்பான் கரைசலுக்குள் விடுகிறார்கள். இழைகளுக்கிடையே சிக்கிய காற்று சிட்டத்தை மிதக்க வைக்கிறது. காற்று வெளியேறியதும் சிட்டம் அமிழ்ந்து, இணைப்பு நூல் தொய்கிறது. அதுவரை எத்தனை நொடி என்பதே விடை.

இங்கே பரப்பு இழுவிசை குறைந்தால் மட்டும் போதாது. கரைசல் இழைக்குள் ஓர் அடி வைக்கும்போதெல்லாம் புதுப் பரப்பு பிறக்கிறது. அங்கே நனைப்பான் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. பின்னாலிருந்து மூலக்கூறுகள் ஓடி வந்து அந்த இடத்தை நிரப்பினால்தான் அடுத்த அடி. வால் மிக நீண்டுவிட்டால் மூலக்கூறு பெருத்து மெதுவாக வரும். தண்ணீரை விட்டுப் பரப்புக்கு வரவும் தயங்கும். வால் குட்டையானால் கரையவே கரையாது. கரைசலைச் சூடாக்கினால் வாலைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து கலங்கிவிடும்; அந்த வெப்பநிலைக்கு மேல் எடுத்த கணக்கை நம்ப முடியாது. ஒருமுறை நனைந்த சிட்டத்தை மறுபடி பயன்படுத்துவதும் தவறு.

ஒட்டுத் திரவ டப்பாவின் மேல் இந்த நொடிக் கணக்கை அச்சிடச் சட்டம் வேண்டும். நுரையைப் பார்த்து வாங்குவது வீண். நுரைக்கும் நனைப்புக்கும் நேரடித் தொடர்பில்லை. அளவு கூடினாலும் நட்டம்தான்: துளி இலையில் பரவி நிற்காமல் மருந்தோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும்.