"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்காதீர்கள்: பிறந்தது முதல் இலவசப் பரிசோதனை

அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை ஒரு மருத்துவக் குழு வண்டியில் வரும். ஊசி போடத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, அன்றைக்குப் பார்த்துப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் அம்மாக்கள் உண்டு. அவர்கள் ஊசி போட வருவதில்லை. பிள்ளைக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, வயதுக்குத் தக்கபடி உட்கார்கிறதா, நடக்கிறதா, பேசுகிறதா என்று பார்க்க வருகிறார்கள்.

மத்திய அரசு 2013 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பெயர் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்). ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிறந்தது முதல் 18 வயது வரை நான்கு வகைக் கோளாறுகளைத் தேடிக் கண்டுபிடிப்பது இதன் வேலை: பிறவிக் குறைபாடுகள், சத்துக் குறைபாடுகள், குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள். மொத்தம் சுமார் 30 நிலைகள் பட்டியலில் உள்ளன. பிரசவம் நடக்கும் அரசு மருத்துவமனையிலேயே முதல் பரிசோதனை. அதன்பின் ஆறு வாரம் வரை வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் பார்ப்பார். ஆறு வாரத்திலிருந்து ஆறு வயது வரை அங்கன்வாடியில், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு முறை. பரிசோதனைக்கும், அதன்மூலம் அனுப்பப்படும் சிகிச்சைக்கும் பணம் கிடையாது.

பள்ளி வயது வரை காத்திருக்காமல் இவ்வளவு சீக்கிரம் ஏன் தேட வேண்டும்? பிறந்த குழந்தையின் மூளை சுமார் 350 முதல் 400 கிராம். பெரியவர்களுக்கு 1,300, 1,400 கிராம் இருக்கும். அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நடந்துவிடுகிறது. நரம்பணுக்கள் பெரும்பாலும் பிறக்கும்போதே இருக்கின்றன. அவற்றுக்கிடையேயான இணைப்புகள்தாம் இந்தக் காலத்தில் ஏராளமாக உருவாகின்றன. பயன்படும் இணைப்புகள் உறுதியாகும், பயன்படாதவை கழிந்துபோகும்.

கண்ணிலும் காதிலும் இது கறாராக நடக்கும். பிறவியிலேயே கண்புரை உள்ள குழந்தைக்கு அதை முதல் சில வாரங்களில் அகற்றினால் பார்வை வளர வாய்ப்பு அதிகம். ஐந்து வயதில் அகற்றினால் கண் தெளிந்திருக்கும், ஆனால் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டிய மூளைப் பகுதி அந்த வேலையைக் கற்காமலே வளர்ந்திருக்கும். காதுக்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் காதுக் கருவியும் பயிற்சியும். காது கேட்காத குழந்தைக்குப் பேச்சும் வராது. ஆனால் வீட்டில் முதலில் கண்ணில் படுவது பேச்சு வராததுதான், அதுவும் இரண்டு வயதுக்குப் பிறகு. சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், மஞ்சள் காமாலை அதிகமாகி ஒளி சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்குக் காதுப் பரிசோதனை முடிந்ததா என்று வீட்டுக்குப் போகும் முன்பே கேளுங்கள். காமாலை கட்டுமீறினால் மூளையையே பாதிக்கும். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று தைராய்டு. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். "எவ்வளவு சாதுவான புள்ள, அழவே மாட்டேங்குது" என்று பாராட்டும் வாங்கும். குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் தினசரி மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி கெடாமல் காப்பாற்றலாம். இந்தச் சோதனை உங்கள் மருத்துவமனையில் உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை.

அதற்காக, மூன்று வயதோடு மூளையின் கதவு மூடிவிடுகிறது என்று பயமுறுத்திப் பட அட்டையும் டானிக்கும் விற்பவர்களை நம்பிவிடாதீர்கள். மூளை வாழ்நாள் முழுக்கக் கற்கும். சில வேலைகளுக்குத்தான் காலக்கெடு இறுக்கமானது. அவற்றைத்தான் இந்தத் திட்டம் குறிவைக்கிறது.

வீட்டில் எதைக் கவனிப்பது? தாய் சேய் அட்டையிலேயே மாத வாரியாகப் படத்தோடு இருக்கிறது. நம்மில் பலர் அதைத் தடுப்பூசித் தேதி பார்க்க மட்டுமே திறக்கிறோம். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒன்பது மாதமாகியும் பிடிக்காமல் உட்காரவில்லை, ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காட்ட வேண்டும். தவழாமலேயே நேராக நடந்துவிடும் பிள்ளைகள் உண்டு, அதற்குக் கவலை வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறந்த தேதியிலிருந்து அல்ல, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். ஏற்கெனவே வந்த பேச்சோ, சிரிப்போ, நடையோ நின்றுபோனால் எந்த வயதானாலும் அடுத்த முகாம் வரை காத்திருக்கக் கூடாது.

குழுவினர் சந்தேகப்பட்டால் ஒரு பரிந்துரைச் சீட்டு கொடுத்து, மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பெயர்தான் நீளம், 'டிஇஐசி' என்று கேட்டாலே வழி சொல்வார்கள். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தை மருத்துவர், இயன்முறைப் பயிற்சியாளர், பேச்சு, செவித்திறன் நிபுணர், உளவியலாளர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக அமைத்தது. எல்லா மையத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. எந்த நிபுணர் எந்தக் கிழமை என்று முதல் நாளே கேட்டுக்கொண்டால் வீண் பஸ் செலவு மிச்சம்.

தனியார் மருத்துவமனையில் பிறந்து, அங்கன்வாடிக்கும் போகாத குழந்தையோ, தனியார் மழலையர் பள்ளியில் படிக்கும் குழந்தையோ இந்த வண்டியின் பாதையில் வருவதில்லை. பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே மையத்துக்குப் போய்க் காட்டலாம். தாய் சேய் அட்டை, பிறப்புச் சான்று, பிரசவ மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் எடுத்துப் போங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

காது முழுதாகக் கேட்காத ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் கேட்கும் கருவியைப் பொருத்தும்) அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். அதற்குப் பிறகான பேச்சுப் பயிற்சியை விடக் கூடாது. கருவி ஒலியைத்தான் கொடுக்கும், பேச்சாக்குவது பயிற்சி. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உறுதியானால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரப்பிச் செலவும் இதில் சேரும்.

ஆறு மாதம் தாண்டியும் உங்கள் அங்கன்வாடிக்குக் குழு வரவே இல்லையா? வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 25, குழந்தைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.