பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்

அந்தப் பிள்ளைக்குப் பதினொரு மாதம். ஹற்றனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வாடகை வானில் கொழும்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு நாளாக வயிற்றோட்டம், வாந்தி. நான் பார்த்தபோது கண் குழிவிழுந்து, கை கால் சில்லிட்டு, அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. எந்தக் கையிலும் நரம்பு பிடிபடவில்லை. கடைசியில் கால் எலும்புக்குள் ஊசி ஏற்றித்தான் சேலைன் கொடுத்தோம்.

வழியில் எங்கேயும் காட்டவில்லையா என்று தகப்பனிடம் கேட்டேன். “நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்னு எல்லாரும் சொன்னாங்க டொக்டர். வானுக்குக் கடன் வாங்கித்தான் வந்தோம்.”

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு வேண்டியிருந்த சேலைன், அவர்கள் தாண்டி வந்த ஆஸ்பத்திரிகளிலும் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி என்று அவர்கள் மனதில் இருந்தது பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. 1895இல் தொடங்கியது, ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் மனைவி பெயரைத் தாங்கியது. 900க்கு மேற்பட்ட கட்டில்கள், கட்டணம் கிடையாது. இதய அறுவை, சிறுநீரகம், மூளை அறுவை என்று பல மாவட்டங்களில் கிடைக்காத சிகிச்சைகள் அங்கே உண்டு. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையுள்ள பிள்ளைகளின் வரிசை நீளமாக இருந்ததால்தான், ‘லிட்டில் ஹார்ட்ஸ்’ என்ற பெயரில் நாடு முழுக்கப் பணம் திரட்டினார்கள். நம் ஜனங்களுக்கு அதன்மேல் உள்ள நம்பிக்கை நியாயமானது. அந்த நம்பிக்கையில் நாலு மணிநேரத்தை ரோட்டில் விடுவதுதான் எனக்குப் பயம்.

வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது நீரிழப்பு. அதற்கு மருந்து ஜீவனி, நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள். அதை வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு பக்கெட்டை முழுசாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று கொஞ்சம் தூளை ஒரு கப்பில் கலக்குபவர்கள் நிறையப் பேர். கணக்குத் தப்பினால் உப்பு கூடிப்போகும், அல்லது பிரயோசனமில்லாமல் போகும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் பெரியவர்களின் பேச்சை இதில் மட்டும் கேட்க வேண்டாம். பிள்ளை சோர்ந்து கிடந்தாலும், குடிக்க மறுத்தாலும், ஆறு மணிநேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிதான். அது சின்னதோ பெரியதோ, உடனே.

காய்ச்சல் வலிப்பும் இதே மாதிரிதான். பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் நிறுத்த ஊசி மருந்து வேண்டும். அதற்குக் கொழும்பு வேண்டாம். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைத்துவிட்டு, அப்புறம் தூக்கிக்கொண்டு தூரம் ஓடுவது இரட்டைத் தவறு. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சரி, சின்ன ஆஸ்பத்திரியில் முடியாவிட்டால்? அவர்களே மாற்றி அனுப்புவார்கள். அங்கே பிள்ளையை நிலைப்படுத்தி, முதலில் போன் போட்டுச் சொல்லி, ஒட்சிசனும் தாதியும் உள்ள அம்புலன்சில் அனுப்புவார்கள். என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று கடிதத்தில் இருக்கும். வானில் வருகிற பிள்ளைக்கு இதில் ஒன்றுமே இல்லை. சில இடங்களில் ஆட்களைத் திட்டுவார்கள், காக்க வைப்பார்கள், தமிழில் பதில் சொல்ல ஆளிருக்காது. அதெல்லாம் உண்மை, எனக்கும் தெரியும். அப்படியென்றாலும் முதல் சேலைனுக்கு அந்த வாசல்தான்.

1990 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை, அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். “கொழும்புக்கு எடுங்கள்” என்று அவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள். எங்கே போனாலும் பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கையில் எடுங்கள். அந்தப் பதினொரு மாதப் பிள்ளையின் கொப்பி லயத்திலேயே கிடந்தது. கடைசியாக எடுத்த எடை தெரியாததால், சேலைன் அளவை நான் வயதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.